யாழ்ப்பாணத்திலிருந்து கிரிகல்பொத்த போக: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

இலங்கையில் மிக உயரமான மலை பீதுருதாலகால, 2,524 மீற்றர். உச்சியில் படையினரும் தொலைக்காட்சிக் கோபுரமும் இருப்பதால் நினைத்த நேரத்தில் நடந்து ஏற முடியாது. இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. 2,388 மீற்றர். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. பூங்காவுக்குச் சீட்டு எடுத்தவர் யாரும் போகலாம், ஆனால் போகிறவர்கள் மிகக் குறைவு. வருகிற கூட்டம் முழுக்க உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்புக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் போய்ப் படம் எடுத்துவிட்டு மத்தியானத்துக்கு முதலே வான் வண்டியில் ஏறிவிடும். எதிர்ப்பக்கம் போகிற ஒற்றையடிப் பாதையை அநேகம் பேர் கவனிப்பதே இல்லை.

நான் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட தையல் கடை வைத்திருக்கிறேன். சட்டை தைக்க வருகிற கம்பஸ் பிள்ளைகள் சுவரில் இருக்கும் மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்பார்கள். அளவு நாடா கையில் இருக்கும்போது முழுப் பதிலும் சொல்லி முடியாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆட்களில் பலருக்கு மலை ஏறுவது என்றால் சிவனொளிபாத மலைதான். அது 2,243 மீற்றர், கிரிகல்பொத்தவை விடக் குறைவு. ஆனால் அங்கே படி இருக்கிறது, பருவ காலத்தில் மின்விளக்கு எரியும், மூச்சு வாங்கினால் இருந்து பிளேன்ரீ குடிக்கக் கடை இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் சனம். இங்கே இவை ஒன்றும் கிடையாது. அந்தப் படி ஏறிய கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். ஏற்றம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நடை தொடங்குகிற இடமே ஏறக்குறைய 2,100 மீற்றரில் இருக்கிறது, மிச்சம் முந்நூறு மீற்றர்கூட வராது. ஆனால் போக 7 கிலோமீற்றர், திரும்பி வர 7 கிலோமீற்றர். அதில் பாதிக்கு மேல் சேறும் ஓடையும் நனைந்த வேர்களும். பாதியில் திரும்பி வருகிறவர்களிடம் கேட்டால் ஈரம் தாங்கவில்லை என்பார்கள், அல்லது நேரம் போய்விட்டது என்பார்கள். இந்த இரண்டுக்கும் ஆயத்தம் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

எந்த மாதம்

தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை. பொங்கல் தையல் முடிந்து எனக்கும் கை ஓய்கிற காலம், மலையிலும் மழை ஓய்கிற காலம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் சமவெளியில் குடை பிடிப்பது வீண் வேலை. ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சீதையம்மன் கோயில், ஹக்கல பூந்தோட்டம், கிரகரி ஏரி என்று பார்த்துவிட்டு வரலாம், இந்த மலையை அப்போது தொட வேண்டாம். சித்திரையில் நுவரெலியாவில் வசந்தகால விழா. அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

குளிர் எவ்வளவு என்பதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் 28 பாகை என்றால் சமவெளியில் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பகலுக்கு. தை, மாசி விடியற்காலையில் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கி, புல்லில் உறைபனி வெள்ளையாக நிற்கும். நாங்கள் மார்கழியில் மப்ளர் கட்டுகிற குளிர் இதில் சேர்த்தியே இல்லை.

கால்களைப் பழக்குவது

குடாநாட்டில் ஏறிப் பழக மேடு இல்லை. கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. ஆனால் மணல் இருக்கிறது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போங்கள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தைச் சுற்றி மணல் மேடுகள் இருக்கின்றன. மலைக்குப் போடப்போகிற அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, முதுகுப் பையில் இரண்டு நிறைந்த தண்ணீர்ப் போத்தல்களை வைத்து, வெயில் ஏற முதல் அந்த மேடுகளில் ஏறி இறங்குங்கள். கால் வைத்ததும் சரிகிற நிலத்தில் கணுக்கால் தன்னைத்தானே நிமிர்த்தப் பழகும். சேற்றில் தேவைப்படுவது அதுதான். ஒரு மாதம், கிழமைக்கு இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் பண்ணைப் பாலத்தால் வேகமாக ஒரு நடை.

படி ஏறிப் பழகுவதை விட இறங்கிப் பழகுவது முக்கியம். மூன்று நான்கு மாடிக் கட்டடம் எதிலாவது ஏறும்போது லிப்ட் எடுத்தாலும் பரவாயில்லை, இறங்கும்போது படியால் வாருங்கள். திரும்பி வரும் ஏழு கிலோமீற்றரில் முழங்கால் கதைக்கத் தொடங்கினால் ஆறுதல் சொல்ல அங்கே ஆள் இல்லை.

உடுப்பு

இது என் தொழில், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

கடைக்கு வருகிற எல்லோரிடமும் பருத்தி போடுங்கள் என்று சொல்பவள் நான். இந்த மலைக்கு மட்டும் வேண்டாம். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது, உடம்போடு ஒட்டிச் சூட்டை இழுக்கும். யாழ்ப்பாண வெயிலில் அது சுகம், 14 பாகையில் காற்று அடிக்கும்போது நடுக்கம். ஜீன்சும் பருத்திதான், நனைந்தால் பாரமும் கூடும். உடம்போடு படுகிற உடுப்பு பொலியெஸ்டராக இருக்கட்டும். விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தின் நிறத்தில் அடித்துக் கொடுப்பார்களே, அந்த ரீசேட் நல்லது. கீழே ட்ராக் காற்சட்டை. சுடிதாரின் கால் பகுதியும் சரிவரும், ஆனால் மேல் சட்டை முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றைக்குள் மாட்டும். உலக முடிவுப் பாதையில் சேலையோடு நடக்கிறவர்களைக் காணலாம், இந்தப் பாதையில் சேலை சரிவராது.

நடுவில் கம்பளிச் சுவெற்றர். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். இதை யாழ்ப்பாணத்தில் தேடி அலைய வேண்டாம், நுவரெலியா பஸார் பக்கம் குளிர் உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நல்ல ஜக்கெற் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது கைமூட்டுத் தையலையும் சிப்பையும் இழுத்துப் பாருங்கள்.

மேலே மழைக்கோட்டு. துணி நல்லதா என்று பார்க்க உள்ளங்கையில் குழியாகப் பிடித்து அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். அநேகமாகத் துணி தாங்கும். ஒழுகுவது தையல் வழியே. ஊசி போன இடமெல்லாம் துளைதானே. கோட்டை உள்புறம் திருப்பினால் தையலின் மேல் மெல்லிய நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளை மெழுகுதிரியைத் தையல் நெடுக அழுத்தித் தேய்த்து, சுடுநீரில் வைத்தெடுத்த கரண்டியின் முதுகால் மெல்லத் தடவி விடுங்கள். தோள்மூட்டையும் தொப்பி சேருகிற கழுத்தையும் இரண்டு முறை செய்யுங்கள். ஒரு நாள் மழைக்கு அது தாங்கும்.

இனி முக்கியமான சாமான். சேறு சப்பாத்துக்குள் மேல்வாயால்தான் இறங்குகிறது. அதற்குக் கெண்டைக்காலைச் சுற்றி ஓர் உறை வேண்டும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் விலை கொடுத்து வாங்கியதைக் கொண்டு வருவார்கள். எங்களுக்கு உடைந்த குடை போதும். சாதாரணக் குடையில் எட்டுத் துண்டுத் துணி இருக்கும். கம்பியிலிருந்து கழற்றி, தையலைப் பிரித்து, துண்டுகளை வேறாக்குங்கள். ஒவ்வொன்றும் முக்கோணம். ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்துச் சேர்த்தால் நாற்பக்கத் துண்டு கிடைக்கும். ஒரு காலுக்கு ஒன்று. கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தை, காற்சட்டைக்கு மேலாக அளந்து, இரண்டு அங்குலம் கூட்டுங்கள். நீளம் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு, சப்பாத்தின் கயிறு முடிகிற இடம் வரை. மேலேயும் கீழேயும் இலாஸ்ரிக் போகக் குழல் மடித்துத் தையுங்கள். முன்பக்கம் கீழ்விளிம்பில் ஒரு பெரிய கொக்கி, அது சப்பாத்துக் கயிற்றில் மாட்டும். பாதத்துக்கு அடியால் போக ஒரு பட்டி வேண்டும், அதற்கு இலாஸ்ரிக் போடாதீர்கள், கல்லில் தேய்ந்து அறுந்துவிடும். பழைய பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டி சரியாக இருக்கும்.

நூல் பொலியெஸ்டர் நூல். தையலை நெருக்கமாகப் போட வேண்டாம், குடைத்துணியில் துளை நெருங்கினால் அந்தக் கோட்டிலேயே கிழியும். மெசினில் தையல் நீளத்தை 3க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற நாலு துண்டையும் எறியாதீர்கள். அதில் இரண்டு சுருக்குப் பைகள் தைக்கலாம், அவை ஏன் வேண்டும் என்று கீழே வரும்.

சப்பாத்துக்கு அடியில் ஆழமான பல் இருக்க வேண்டும். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வழுக்கும். புதிதாக வாங்கினால் மணற்காட்டிலேயே பழக்கி எடுத்துவிடுங்கள். புறப்பட இரண்டு நாளுக்கு முதல் கால்நகத்தை வெட்டுங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் போய் இடிக்கும்போது நீள நகம் படுத்துகிற பாடு சொல்லி மாளாது.

சாப்பாடும் பொலித்தீனும்

பூங்கா வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, லஞ்ச் சீற், பிஸ்கற் சுற்றிய தாள் எல்லாம் அங்கேயே எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபிளைக்கூடக் கிழித்துத்தான் உள்ளே விடுவார்கள். காரணம் இருக்கிறது. நடை தொடங்குகிற ஃபார் இன் தகவல் நிலையத்துப் பக்கம் திரிகிற மரைகள் மனிதரிடம் பழகி, போட்டதையெல்லாம் தின்னும். பொலித்தீனும் வயிற்றுக்குள் போய்விடும். மரைக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்பது சட்டம், கெஞ்சுகிற மாதிரிக் கண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இந்த விசயத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் பிரச்சினையே இல்லை. பனங்கட்டி பனையோலைக் குட்டானோடு வருகிறது, வாயிலில் யாரும் தொடமாட்டார்கள். ஏற்றத்துக்கு ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் போதும். புழுக்கொடியல் கொண்டு போங்கள், கடித்து முடிக்க நேரம் எடுக்கும், நடையில் அலுப்புத் தெரியாது. பருத்தித்துறை வடையைத் துணிப்பையில் போட்டால் நொறுங்காமல் வரும். புட்டு மட்டும் வேண்டாம். வீட்டில் எவ்வளவு நல்ல புட்டானாலும் அந்தக் குளிரில் மணல் மாதிரி ஆகித் தொண்டையில் நிற்கும். அதற்குப் பதிலாக நீங்கள் தங்குகிற இடத்தில் முதல் நாள் இரவே சொல்லி, ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாங்கி, வாழையிலையில் சுற்றிக்கொள்ளுங்கள். தோட்டத்து ரொட்டி தடிப்பானது, மத்தியானம் வரை பசி தெரியாது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அவர்களுக்கு உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், பாதையில் கழிவறை கிடையாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். ஃபிளாஸ்கில் மல்லிக் கோப்பி. மாற்றுக் காலுறையும் மாற்றுச் சட்டையும் நனையாமல் இருக்க முன்பென்றால் ஷொப்பிங் பையில் கட்டிக்கொள்வோம். அதற்குத்தான் அந்தக் குடைத்துணிச் சுருக்குப் பைகள்.

போகும் வழி

கண்டி வரை ஏ9 வீதி, 321 கிலோமீற்றர். கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ள, மாத்தளை என்று போகும். இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய முதல் கண்டி. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடையால் நுவரெலியாவுக்கு இன்னொரு பஸ். இந்தப் பகுதியில் மழைக்கு மண் சரியும். மழை நாட்கள் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம், தமிழிலும் வருகிறது. ரயிலில் போக விரும்பினால் பதுளைப் பாதையில் பட்டிப்பொலவில் அல்லது ஒஹியவில் இறங்கலாம். பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். ரயில் அந்த நாட்களில் எதுவரை ஓடுகிறது என்று முதலே விசாரியுங்கள்.

இரவு பஸ்ஸில் இறங்கி அப்படியே மலைக்குப் போகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ தங்கி, குளிருக்கு உடம்பைப் பழக்குங்கள். 2,400 மீற்றருக்குள் உயரத்தால் வருத்தம் வருவது அரிது, ஆனால் மூச்சு கொஞ்சம் சீக்கிரம் வாங்கும்.

பூங்காவுக்கு உள்ளே போக பஸ் இல்லை. வான் அல்லது ஓட்டோ முதல் நாளே பேசி வைக்க வேண்டும். சாரதிகள் அநேகம் பேர் தோட்டத்துப் பெடியன்கள், தமிழில் பேசிக்கொள்ளலாம். எல்லோரும் உலக முடிவுக் கணக்கில்தான் வாடகை சொல்வார்கள், அதாவது மூன்று மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்புகிற கணக்கு. நீங்கள் போகிறது எட்டு மணித்தியால வேலை. அதைத் திறந்து சொல்லுங்கள். நான் சொன்னபோது சாரதித் தம்பி, "கிரிகல்பொத்தவுக்கா? பொம்பளைங்க மட்டுமா போறீங்க அக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப அஞ்சு மணிக்கே கெளம்பிடணும்ங்க. மத்தியானத்துக்கு மேல மூட்டம் எறங்கிருச்சுன்னா பக்கத்துல நிக்கிற ஆள் தெரியாது." அவர் சொன்னது அத்தனையும் சரி. சமவெளியில் ஒன்பது, பத்து மணிக்கே முகில் ஏறத் தொடங்கிவிடும்.

வாயிலில்

காலை 6 மணிக்குத் திறக்கும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணம் டொலர் கணக்கில், உள்ளூர்க் கட்டணத்தை விடப் பல மடங்கு. வாயிலில் நின்று "நானும் யாழ்ப்பாணம்தான்" என்று மச்சான் வாதாடிப் பிரயோசனம் இல்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கை அட்டையைக் கொண்டு வாருங்கள்.

அப்புறம், ஃபார் இன் தகவல் நிலையத்தில் கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று. உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுவார்கள். "கிரிகல்பொத்த யன்ன ஓன. துனட கலின் ஆபஹு எனவா" என்றால் போதும், கிரிகல்பொத்த போக வேண்டும், மூன்றுக்கு முதல் திரும்பி வருவோம் என்று அர்த்தம். வழிகாட்டியைக் கூட்டிப் போகச் சொன்னால் காசு பார்க்காமல் சம்மதியுங்கள். தனியாகப் போக வேண்டாம், மூன்று பேராவது வேண்டும். ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, மற்றவர் ஓட வேண்டும் அல்லவா. 1990 அம்பியூலன்ஸ் எண் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அழைக்க சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு முதலில் நடக்க வேண்டும். வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வைத்திருங்கள். கழிவறையும் இங்கேதான், இதற்குப் பிறகு இல்லை.

ஃபார் இன் என்பது வெள்ளைக்காரர் காலத்தில் தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரால் வந்த வேட்டை விடுதி. இந்தக் காடு தேயிலையாகாமல் தப்பியதற்கு ஒரு தாவரவியலாளரும் காரணம். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடவேண்டும் என்று ஜோசப் ஹூக்கர் 1873இல் பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். 1988இல் தேசியப் பூங்கா ஆனது. இடையில் இந்தப் புல்வெளியில் கொஞ்சக் காலம் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள். எங்கள் கோண்டாவில், உரும்பிராய்க் கமக்காரர் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நடை

ஏழு மணிக்குள் காலை எடுத்து வையுங்கள். பாதை மேற்கு நோக்கிப் போகிறது, காலையில் வெயில் முதுகில் படும்.

முதல் பாதி புல்வெளி. தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டை இல்லை. புல்லுக்கு அடியில் கறுத்த சேறு பஞ்சு போல் தண்ணீரை வைத்திருக்கும். மேலே பார்த்தால் பச்சை, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். கைத்தடி ஒன்று வைத்திருங்கள், கால் வைக்க முதல் தடியால் குத்திப் பாருங்கள். குத்துப் புல்லின் அடித்தூரில் கால் வைத்தால் தாங்கும். சேறு தெரிகிறது என்று பாதையை விட்டு விலகிப் புதுப் பாதை போடாதீர்கள், அப்படிப் போட்டுப் போட்டுத்தான் சில இடங்களில் பாதை நாலு மடங்கு அகலமாகிவிட்டது. உங்கள் கெண்டைக்கால் உறை எதற்கு இருக்கிறது, நேராகவே நடவுங்கள்.

ஓடைகள் குறுக்கே வரும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளியிலிருந்துதான் தண்ணீர் போகிறது. கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பற்றியே கதைத்து வளர்ந்த நாங்கள் அந்த ஓடைக் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவோம். நிற்கலாம், ஆனால் ஓடையில் கையோ முகமோ கழுவச் சவர்க்காரம் எடுக்க வேண்டாம்.

புல்வெளி முடிந்து காடு தொடங்குகிற ஒவ்வோர் இடத்திலும் திரும்பி நின்று, வந்த வழியைப் போனில் படம் எடுங்கள். இதுதான் இந்தக் குறிப்புகளில் மிகப் பெறுமதியான ஒரு வரி. திரும்பும்போது மூட்டத்தில் காட்டின் எந்த ஓட்டையால் வெளியே வர வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அந்தப் படம் சொல்லும். மரை நடந்த தடமும் மனிதர் நடந்த தடமும் ஒரே மாதிரி இருக்கும். மரைத் தடம் பற்றைக்குள் தாழ்ந்து நுழையும், குனிந்து போக வேண்டி வந்தால் அது உங்கள் பாதை இல்லை.

காட்டுக்குள் மரங்கள் குட்டை. கிளை முறுகி, பாசி தொங்கி, இலை தடித்துச் சின்னதாக இருக்கும். மூட்டம் இலையில் பட்டுத் துளியாகி விழுவதால் மழை இல்லாத நாளிலும் கழுத்து நனையும். பாசி படிந்த அடிமரங்களை நிதானமாகப் பாருங்கள். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் கொம்பு வைத்த ஓணான் இருக்கலாம். இலங்கையின் மலைநாட்டில் மட்டும் இருக்கிற இனம். எங்கள் வேலி ஓணான் மாதிரித் துள்ளி ஓடாது, அப்படியே நிற்கும், அதனால் கண்ணில் படுவதும் கடினம். தொட வேண்டாம். செக்கச்செவேல் என்று பூக்கிற மரம் மகாரத்மல். நெலு என்று சிங்களத்தில் சொல்கிற செடி நம் இலக்கியத்துக் குறிஞ்சிக்கு ஒரே குடும்பம், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் சாகும். சிறுத்தையும் இந்தக் காட்டில் இருக்கிறது. கூட்டமாக, கதைத்துக்கொண்டு போகிற ஆட்களை அது தேடி வராது, ஆனால் விடியற்காலையிலும் அந்தியிலும் பாதையில் திரியக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசிப் பகுதிதான் ஏற்றம். நனைந்த கல், வேர், மூங்கில் பற்றை. கையையும் ஊன்றி ஏற வேண்டி வரும், தடியைப் பைக்குள் செருகிவிடுங்கள். வேரின் மேல் கால் வைக்காமல் வேருக்கு முன்னால் இருக்கிற மண்ணில் வையுங்கள், நனைந்த வேர் எண்ணெய் பூசியது போல் வழுக்கும். இதுதான் உச்சி என்று நினைக்கிற இடத்துக்கு அப்பால் இன்னொரு மேடு நிற்கும். அங்கே இருந்து பனங்கட்டி சாப்பிடுங்கள், நேரத்தைப் பாருங்கள்.

நேரம் என்றால் 11.30. அதற்குள் உச்சி கிடைத்தால் சந்தோசம். கிடைக்காவிட்டால், இன்னும் பத்து நிமிடம்தான் என்று யார் சொன்னாலும் திரும்புங்கள். இதைப் புறப்பட முதலே கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கே நின்று விவாதிக்கக் கூடாது. கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஒருவரிடம் மணிக்கூட்டைக் கொடுத்துவிடுங்கள். மாமியிடம் கொடுத்தால் யாரும் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள்.

உச்சி திறந்த பாறை. காற்று பலமாக அடிக்கும், போன உடனே நனைந்த சட்டையை மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் நேர் மேற்கே சிவனொளிபாத மலையின் கூர் தெரியும். கிழக்கே நீங்கள் நடந்து வந்த சமவெளி முழுக்கத் தெரியும். பாறை விளிம்பில் நின்று செல்பி எடுக்கிற பெடியன்களைக் கையில் பிடித்து இழுங்கள், மூட்டம் விளிம்பை மறைக்க ஒரு நிமிடம் போதும். நெருப்பு மூட்டக் கூடாது, சிகரெட்டும் கூடாது, காய்ந்த காலத்தில் இந்தப் புல்வெளி பற்றி எரிந்திருக்கிறது.

இறங்கும்போது மூட்டம் வந்து பாதை தெரியாமல் போனால் நில்லுங்கள். நடந்துகொண்டே தேடாதீர்கள். மூட்டம் வரும், விலகும், திரும்ப வரும். விலகுகிற நேரத்தில் படத்தைப் பார்த்து, அடுத்த அடையாளம் வரை மட்டும் நடவுங்கள். இதற்கும் சேர்த்துத்தான் மூன்று மணி என்று சொல்லி வைத்தோம். திரும்பியதும் ஃபார் இன்னில் வந்துவிட்டோம் என்று சொல்ல மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் பாவம், அந்த ஆட்கள் தேடப் புறப்படுவார்கள்.

மழை பெய்து உச்சிக்குப் போக முடியாமல் போனாலோ, கூட வந்தவருக்கு முடியாமல் போனாலோ, பட்டிப்பொல வீதிப் பக்கம் தொட்டுபொல கந்த இருக்கிறது. 2,357 மீற்றர், நாட்டில் மூன்றாவது உயரம். பூங்கா வீதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நடைதான். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் நேரே இதற்கே போகலாம், நான் அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன்.

அன்றிரவே யாழ்ப்பாணம் திரும்ப பஸ் பதிய வேண்டாம். பத்து மணித்தியாலம் கால் மடக்கி இருந்தால் அடுத்த நாள் படி இறங்க முடியாது. இன்னோர் இரவு தங்கி, சுடுநீரில் குளித்து, தொடைக்கு நல்லெண்ணெய் பூசிப் படுங்கள். சப்பாத்தை அன்றைக்கே கழுவ வேண்டாம், அந்தக் குளிரில் காயாது. உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து வையுங்கள், நடுவில் ஒரு தடவை மாற்றுங்கள். சேறு வீட்டுக்கு வருவதற்குள் காய்ந்துவிடும், வளவில் வைத்துத் தட்டினால் கொட்டும். கெண்டைக்கால் உறையைத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள், இலாஸ்ரிக்கை வெயிலில் காய வைத்தால் அடுத்த முறைக்கு இழுவை இருக்காது.